முதுபூனையின் நீரிழிவும் அதன் பராமரிப்பும்

வன்னி நாட்டிற் குளமுள்ள இடமெல்லாம் வயலுண்டு. வயலுள்ள இடமெல்லாம் நெல்லுண்டு. நெல்லுள்ள இடமெல்லாம் எலியுண்டு. எலியுள்ள இடத்தே பூனைக்குத் தொழிலும் உண்டு. வவுனியா நகரை அடுத்துள்ள நெளுக்குளம், தன் பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்கும் ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களின் பழைய வீடுகளிற் கொம்பறையைக் காத்தது பூட்டு மாத்திரமன்று. இரவு முழுவதும் அதனைச் சுற்றிவந்த பூனையுமே. தமிழர் பூனையை அறிந்த காலமும் நெடியது. தொல்காப்பிய மரபியல், குட்டி என்னும் இளமைப்பெயருக்குரிய உயிர்களை எண்ணுமிடத்து வெருகையும் எண்ணுகின்றது.

இக்காலத்தில் அறுவடைப் பொறியின் வாயிலிருந்து நெல் நேரே மூடையாகி ஆலைக்குச் செல்வது வழக்காகி வருகின்றது. கொம்பறை அருகியது, பூனையின் தொழிலும் அருகியது. ஆயினும் பூனை வீட்டைவிட்டுப் போகவில்லை. முன்னர் எலிக்காக வளர்க்கப்பட்டது இப்போது அன்பிற்காக வளர்க்கப்படுகின்றது. மும்முறை சோறும் மீன்குழம்பும் பெற்று, சாய்மனைக் கதிரையிற் கிடந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் பூனைகள் இன்று பல. இவ்வாறு வாழும் கொழுத்த கடுவன் ஒன்று ஒருநாள் திடீரென மெலியத் தொடங்கும். பாத்திரத்து நீரைக் குடித்து முடித்தபின் கிணற்றடித் தொட்டியையும் நாடும். உண்ட சற்று நேரத்தில் மீண்டும் உணவு கேட்டுக் கத்தும். வீட்டார், "கிழமாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று கூறி அமைவர். இவ்வமைதியே அப்பூனைக்குக் கேடாய் முடிகின்றது. ஏனெனில், முதுமை மாற்றவியலாதது, நீரிழிவோ பராமரிக்கத்தக்கது. தக்க காலத்திற் கண்டால் மருந்தே வேண்டாத நிலைக்குத் திரும்பவும் கூடியது.

சிறுநீரில் எறும்பு மொய்த்தல் நீரிழிவின் குறியெனப் பண்டை ஆயுர்வேத நூலோர் மனிதர்பாற் கண்டு, அந்நோய்க்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். பூனையிடத்து இக்குறியைக் காண்டல் எளிதன்று. அது தன் சிறுநீரை மணலிற் கழித்து மூடிவிடும் இயல்பினது. ஆதலின் வீட்டார் நீர்ப்பாத்திரம் எத்தனை முறை வெறுமையாகின்றது என்பதையும், பூனை கிளறிய மணல் எவ்வளவு நனைந்து கட்டியாகின்றது என்பதையுமே நோக்கல் வேண்டும். குருதியிலுள்ள குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தவுடன் மனிதனுடைய சிறுநீரகம் அதனை வெளியே விடத் தொடங்கும். பூனையின் சிறுநீரகமோ ஒரு டெசிலீற்றர் குருதியில் 250 முதல் 290 மில்லிகிராம் வரை தாங்கிக் கொள்ளும். அளவுக்கு மிஞ்சிய தாகம் தோன்றுமுன்னரே நோய் சிலகாலம் உள்ளிருந்திருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நோய் பூனைக்கு ஏன் வருகின்றது என்பதை அறியப் பூனையின் உடலமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பூனை ஊனையே உண்டு வாழப் படைக்கப்பட்ட விலங்கு. நாய் மனிதனோடு கூடித் தானியவுணவிற்கு ஓரளவு பழகிக்கொண்டது, பூனை பழகவில்லை. அதன் உமிழ்நீரில் மாப்பொருளைச் செரிக்கும் நொதியம் இல்லை. உணவில் வந்த குளுக்கோசை விரைந்து பற்றிக்கொள்ளும் நொதியமொன்று பிற விலங்குகளின் ஈரலில் உண்டு. பூனையின் ஈரலில் அது மிகக் குறைவு. மாறாக, புரதத்தின் அமினோவமிலங்களிலிருந்து தனக்கு வேண்டிய குளுக்கோசைப் பூனையின் ஈரல் இரவுபகலாகத் தானே ஆக்கிக்கொண்டிருக்கும். எலியொன்றின் உடலிற் காபோவைதரேற்று மிகச் சிறிதே. அவ்வுணவிற்கு அமைந்த உடலிற் சோறும், மாப்பொருள் மிகுந்த உலர் உணவுக் கட்டிகளும் நாள்தோறும் புகும்போது, சதையி அதற்கீடாக இன்சுலினைச் சுரக்கவேண்டியதாகின்றது. மாப்பொருள் ஒன்றே நோயை ஆக்கும் என்று கூறல் மிகையாகும். கொழுப்பேறிய உடலே அதனினும் பெரிய காரணம். உடல் பருத்தபோது இன்சுலினின் வலி தளர்கின்றது. விதைநீக்கப்பெற்று, வீட்டுக்குள்ளேயே வாழும் முதிய கடுவன்களே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாகின்றன என்பது பல நாட்டு மருத்துவர் கண்ட உண்மை.

சதையியினுள்ளே நிகழ்வது யாது என்பதும் சுவையான வரலாறு. இன்சுலினைச் சுரக்கும் இலங்ககான் சிறுதீவுகளில், நீரிழிவுற்றோரிடத்துக் கண்ணாடி போன்ற ஒரு படிவு காணப்படுவதை அமெரிக்க அறிஞர் ஓப்பி 1901 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அப்படிவு எதனாலானது என்பது எட்டுத் தசாப்தங்களுக்கு மேலாகத் தெளிவுபடவில்லை. 1987 ஆம் ஆண்டில் சுவீடிய அறிஞர் வெஸ்ற்றர்மார்க்கும் அவர்தங் குழுவினரும் மனிதக் கட்டியொன்றையும் நீரிழிவுற்ற பூனையின் சிறுதீவுகளையும் ஆராய்ந்து, இன்சுலினோடு கூடவே சுரக்கும் வேறொரு சிறு புரதமே திரண்டு இப்படிவாகின்றது எனக் கண்டனர். அமிலின் என இன்று வழங்கும் அப்பொருள் மனிதனிலும் பூனையிலும் திரள்கின்றது. எலியிலும் சுண்டெலியிலும் திரள்வதில்லை. அவற்றின் அமிலினில் அமினோவமிலங்கள் சில மாறியமைந்திருத்தலே அதற்குக் காரணம். ஆகவே பூனையின் நீரிழிவு நாயினது போன்றதன்று; நடுவயதின்பின் மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவையே பெரிதும் ஒத்தது. வீட்டுப் பெரியவருக்கும் அவர் மடியிற் கிடக்கும் பூனைக்கும் ஒரே வகை நோய் வருவது வியப்பன்று.

குலவழியும் இதில் ஓரளவு பங்குகொள்கின்றது. பர்மாவிலிருந்து 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வொங் மௌ என்னும் ஒரு பெட்டைப் பூனையே மேலைநாட்டுப் பர்மியப் பூனையினத்தின் மூதாய். அவ்வினத்துப் பூனைகள் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் பிற பூனைகளைவிட மிகுதியாக நீரிழிவுக்கு ஆளாகின்றன. நெளுக்குளத்து முற்றத்துப் பூனைக்கு அத்தகைய குலவரலாறு இல்லையாயினும், மனிதர் கையால் வரும் மற்றொரு காரணம் அதற்கும் உண்டு. தோலரிப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் இடப்படும் நெடுநாள் நிற்கும் ஸ்ரீறொயிட்டு ஊசிகளும், குட்டியீனாதிருக்கப் பெட்டைப் பூனைக்கு இடப்படும் சில ஓமோன் ஊசிகளும் இன்சுலினுக்கு எதிராகத் தொழிற்படுவன. பருத்த முதுபூனைக்கு இவற்றை இடுமுன் வைத்தியரிடம் இதனைக் கேட்டறிதல் நன்று.

நோயைத் துணிதலிலும் ஓர் இடர் உண்டு. மிகுந்த தாகமும் மெலிவும் சிறுநீரக நோயிலும் வரும். கேடயச்சுரப்பி மிகையாகச் சுரத்தலினாலும் மெலிவும் பெரும்பசியும் வரும். இவையும் முதுபூனைக்கே உரியவை. அன்றியும், கூடையிலடைத்து மோட்டார்ச் சைக்கிளிற் கொண்டுவரப்பட்ட பூனை, அச்சத்தினாலேயே குருதிக் குளுக்கோசை 300 மில்லிகிராமுக்கு மேல் உயர்த்திவிடக் கூடும். ஆதலின் ஒருமுறை பார்த்த எண்ணொன்றைக் கொண்டு நீரிழிவு என்று முடிவுசெய்தல் தவறு. சிறுநீரிலும் குளுக்கோசு உண்டா என நோக்குதல், வீட்டிலே பூனை அமைதியாயிருக்கும்போது மீண்டும் அளத்தல், பிறக்டோசமைன் என்னும் பொருளை அளத்தல் ஆகியவற்றால் உண்மை புலனாகும். பின்னைய அளவு, கடந்த ஒன்றிரண்டு கிழமைகளின் சராசரி நிலையைக் காட்டுமாதலின் ஒருநாளைய அச்சம் அதனை மாற்றாது. குறிகளுள் பூனைக்கே சிறப்பாயுள்ளதொன்றையும் குறிப்பிடல் வேண்டும். நரம்பு நலிவதனாற் சில பூனைகள் பின்னங்கால்களின் குதிப்பகுதி நிலத்திற் படிய நடக்கும். மதிலேறப் பாய்ந்து தவறி வீழும். இதனை வாதமென்று எண்ணி எண்ணெய் பூசுவாரும் உளர். நாய்க்கு நீரிழிவிற் கண்புரை விரைந்து வரும். பூனைக்கு அது அரிது.

இனிச் சிகிச்சை. சதையியை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வரும் என்பதை மிங்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் 1889 இற் காட்டினர். 1921 இல் ரொறன்ரோ நகரிற் பாண்டிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுக்க, அடுத்த ஆண்டு சனவரியில் ஒரு சிறுவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. மாட்டின் இன்சுலினில் 51 அமினோவமிலங்கள் அமைந்துள்ள ஒழுங்கைக் கேம்பிரிட்சிற் சாங்கர் 1955 அளவில் முற்றாக வெளிப்படுத்தி, 1958 இல் நோபெற் பரிசு பெற்றார். பூனையின் இன்சுலின் மாட்டினுடையதினின்று ஒரேயோர் அமினோவமிலத்தால் மாத்திரமே வேறுபடுகின்றது. அக்காரணத்தால் மாட்டின் சதையியிலிருந்து பெற்ற இன்சுலின் நெடுங்காலம் பூனைகளுக்கு உதவியது. இன்று பூனைகளுக்கு மிகுதியும் வழங்கப்படுவனவற்றுள் ஒன்று கிளார்ஜீன் என்னும் மெல்லச் செயற்படும் மனித இன்சுலின் வகை. மனிதருக்கு நாளொன்றுக்கு ஒருமுறை போதும் இவ்வின்சுலின், பூனையின் உடலில் விரைந்து கழிவதால், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடப்படல் வேண்டும்.

தொடக்கத்தில் நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஓர் அலகு என்பதே வைத்தியர் வழக்கமாகக் குறிக்கும் அளவு. இது மிகச் சிறிய அளவாதலின் இங்கே நிகழும் பிழை பெரும்பிழையாகும். மனிதருக்குரிய இன்சுலின் மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்டது. விலங்குகளுக்கென ஆக்கப்பட்ட சில வகைகள் 40 அலகு கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. நூறலகு மருந்தை நாற்பதலகுக் குழலில் ஒன்று என்னும் கோடுவரை இழுத்தால், பூனைக்குச் செல்வது ஓர் அலகன்று, இரண்டரை அலகு. ஓருயிரைப் போக்க இவ்வேறுபாடு போதும். வீட்டிலே தாத்தாவுக்குக் கிளினிக்கில் தந்த இன்சுலின் இருக்கின்றதே, அதிற் சிறிது பூனைக்கும் இடுவோம் என்று துணிதல் இரட்டைத் தவறு. ஒன்று, அவருக்குத் தந்தது பெரும்பாலும் பூனைக்கேற்ற வகையாயிராது. மற்றொன்று, 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில் ஒருவர்க்குரிய மருந்தை மற்றொன்றுக்குப் பகிர்தல் முறையன்று.

மருந்தைக் காத்தலும் வவுனியாவின் வெயிலில் ஒரு கலை. இன்சுலின் உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிற் பனி படியும் அறையில் வைக்காது, கதவோரத் தட்டில் வைத்தல் தகும். மின்சாரம் நெடுநேரம் நின்றாலும், பெட்டியில்லாத வீடாயினும், ஈரமணலிட்ட பெரிய மட்பானையினுள் ஒரு சிறுபானையை வைத்து அதனுள்ளே மருந்தைக் காக்கலாம். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். தண்ணீர்ப் பானையைத் திண்ணையிற் கண்டு வளர்ந்தோர்க்கு இவ்விதி புதிதன்று.

ஊசியிடுதலைக் குறித்து அஞ்சுவோர் பலர். உண்மையில் அச்சம் கொள்வது வீட்டாரேயன்றிப் பூனையன்று. விலாப்புறத்துத் தோலை மெல்லத் தூக்கி, மயிரிழைபோன்ற நுண்ணூசியை அதனடியிற் செலுத்தினால், உண்டுகொண்டிருக்கும் பூனை பெரும்பாலும் தலையும் நிமிர்த்தாது. கடினமானது ஊசியன்று; நேரந் தவறாமையே. விடியலில் வயலுக்குப் போகுமுன் ஆறு மணிக்கும், மாலை விளக்கேற்றும் ஆறு மணிக்கும் என வகுத்துக்கொண்டால் ஊர்வாழ்க்கைக்கு அது பொருந்தும். ஆயின் முற்றத்துப் பூனை மாலையில் வேட்டைக்குப் போய், அயல்வீட்டு அடுப்படியிலும் உண்டு, நள்ளிரவில் மீளும் இயல்பினது. ஊசி தொடங்கிய பூனையை மாலைக்கு முன்னரே உள்ளே அழைத்துக்கொள்ளலும், அயலாரிடம் உணவிடாதிருக்குமாறு சொல்லிவைத்தலும் மருந்தின் பகுதியாகவே கொள்ளத்தக்கன. திருவிழாவுக்கோ செத்தவீட்டுக்கோ குடும்பம் வெளியூர் செல்ல நேர்ந்தால் ஊசியிட அறிந்த ஒருவர் வேண்டும். வீட்டில் இருவரேனும் இதனைக் கற்றிருத்தல் அதனாலேயே அவசியமாகின்றது.

பூனை உண்ணாத வேளையில் வழக்கமான அளவை இடலாகாது. வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும். இட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் இடாமல் விடுவதே பாதுகாப்பு. ஒருவேளை தவறியதனாற் பூனை இறவாது. இருமுறை இட்டதனால் இறக்கக்கூடும். குளுக்கோசு மிகக் குறைந்தால் பூனை தள்ளாடும், நடுங்கும், வெறித்து நோக்கும், இழுப்பும் வரும். அப்போது வன்னிக்காட்டுத் தேன் சிறிது விரலிலெடுத்து ஈறிலே தேய்த்து, உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவிழந்த பூனையின் வாயிற் சீனித்தண்ணீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலுட் செல்லும்.

காதோரத்து நுண்குழாயிலிருந்து ஒரு துளி குருதி எடுத்து வீட்டிலேயே அளப்பது இப்போது பல நாடுகளில் வழக்கம். மனிதருக்கான குளுக்கோமானி பூனைக் குருதியில் உண்மையினும் குறைவாகவே காட்டும். மனிதக் குருதியிற் குளுக்கோசின் கணிசமான பங்கு செங்கலங்களினுள்ளும் இருக்க, பூனைக் குருதியில் ஏறக்குறைய முழுதும் திரவவிழையத்திலேயே இருப்பது அதன் காரணம். எனினும் ஒரே மானியைத் தொடர்ந்து பயன்படுத்தி, அது எத்தகையது என்பதை வைத்தியருக்கு அறிவித்தால், அதுவும் வழிகாட்டும். மானி வாங்க இயலாதார் குடித்த நீரின் அளவையும் எடையையும் ஒரு கொப்பியில் எழுதிவரலாம். ஒருவர் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின் தனித்து நின்று, கழித்தால் எடை கிடைத்துவிடும்.

உணவே இவ்விடயத்தில் ஊர்வழக்கோடு நேரே மோதும் பகுதி. சோற்றைக் குறைத்து, அவித்த கோழியிறைச்சி, முட்டை, முள்ளகற்றிய மீன் என்பவற்றை மிகுத்தல் நன்று. உணவிலிருந்து பெறும் சக்தியிற் காபோவைதரேற்றின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு உட்பட்டிருத்தல் தக்கதென இத்துறையினர் கருதுவர். சோறு பிசைந்த உணவில் அது பன்மடங்கு. ஆயினும் மீன் மட்டுமே உணவாதல் தீது. பச்சையாக இடப்படும் சில மீன்கள் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் கொண்டவை. கருவாட்டின் உப்பு, முதிய சிறுநீரகத்துக்குச் சுமை. குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்கலங்களைச் சிதைப்பன. ஆதலின் மீனைக் குழம்பிலிடுமுன்னரே பூனைக்குரிய துண்டை எடுத்துவைத்தல் தாய்மார் எளிதிற் கைக்கொள்ளக்கூடியது. மாற்றம் சிறிது சிறிதாகவே நிகழவேண்டும். பருத்த பூனையைப் பட்டினி போட்டால், சில நாட்களிலேயே ஈரலிற் கொழுப்பு நிறைந்து உயிர்க்கே இடையூறாகும். எல்லாவற்றினும் மறக்கத்தகாதது, இன்சுலின் பெறும் பூனைக்குச் சோற்றைக் குறைத்தால் இன்சுலினும் குறையவேண்டும் என்பது. உணவை மாற்றுமுன் வைத்தியருக்குச் சொல்லாதவர்கள், நல்லது செய்யப்போய்க் குளுக்கோசைத் தாழ்த்தி இடர்ப்படுவர்.

இவ்வளவு உழைப்பின் பயன் யாது? மனிதரிற் பெரும்பாலும் காணவியலாத ஒன்று பூனையிற் காணப்படுகின்றது. உயர்ந்த குளுக்கோசே சிறுதீவுகளின் கலங்களை நஞ்சுபோலத் தாக்கி அடக்குகின்றது; அதனை விரைந்து தாழ்த்தினால் எஞ்சிய கலங்கள் மீண்டெழுந்து, ஊசியே வேண்டாத நிலை சிலவேளை உண்டாகும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜக்கி ராண்ட் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2009 இல் வெளியான ஆய்வொன்றில், வீட்டிலே நெருங்கிய கவனத்தோடு கிளார்ஜீன் பெற்ற 55 பூனைகளுள், நோய் கண்ட ஆறு மாதத்துள் இம்முறையைத் தொடங்கியவற்றில் நூற்றுக்கு 84 ஊசியின்றி வாழும் நிலையை அடைந்தன. அதற்குப் பிந்தித் தொடங்கியவற்றில் நூற்றுக்கு 35 மட்டுமே. ஆர்வமிக்க, நேரமுள்ள வீட்டாரின் பூனைகளிற் கண்ட இவ்வெண்களை எல்லாப் பூனைக்கும் உரியனவாகக் கொள்ளலாகாது. ஆயினும் அவ்விரண்டெண்களுக்கும் இடைப்பட்ட தூரமே, "கிழமாகிவிட்டது" என்று வாளாவிருந்த ஆறு மாதத்தின் விலை.

வாய்வழி மருந்துகளும் அண்மையில் வந்துள்ளன. மிகையான குளுக்கோசைச் சிறுநீர்வழியே வெளியேற்றும் பெக்சாகிளிபுளோசின் மாத்திரையை 2022 திசெம்பரிலும், வெலாகிளிபுளோசின் என்னும் திரவமருந்தை 2023 ஓகத்திலும் அமெரிக்க அரசு பூனைகளுக்கென ஒப்புக்கொண்டது. நாளொன்றுக்கு ஒருமுறை வாயிற் கொடுத்தால் போதும் என்பது பெரும் வசதி. எனினும் இன்சுலின் சுரக்கும் ஆற்றல் முற்றாக இழந்த பூனைக்கு இவை ஆபத்தானவை. குளுக்கோசு ஓரளவு தாழ்ந்திருக்கவே குருதி அமிலமாகிப் பூனை வீழ்ந்துவிடும். எனவே உண்ணாமை, வாந்தி, சோர்வு என்பன தோன்றிய அன்றே மருந்தை நிறுத்தி, கீற்றோன்களைச் சோதித்தல் வேண்டும்.

இலங்கையிற் கால்நடை மருத்துவத்தைப் பல்கலைக்கழக நிலையிற் கற்பிக்கும் பீடமும் அதன் விலங்கு மருத்துவமனையும் பேராதனையில் உள்ளன. ஊர்ப்புறத்து அரச கால்நடை வைத்தியரின் நாட்பொழுது பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமே செலவாகின்றது. பூனையைக் கொண்டுசெல்லும் வீட்டார் முன்பின்னான குறிப்புகளை எழுதிக்கொண்டு சென்றால் அவர் பணி பாதியாகும்: எப்போதிருந்து தாகம், என்ன உணவு, எத்தனை கிலோ, எந்த ஊசி எப்போது இடப்பட்டது என்பன. எல்லா வீட்டாராலும் நாளிருமுறை ஊசியும் அதன் செலவும் தாங்க முடியும் என்று கூறுதல் நேர்மையாகாது. இயலாதவர் அதனை வைத்தியரிடம் முதல்நாளே வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். உணவையும் எடையையும் மட்டும் திருத்திச் சிலகாலம் வாழவைக்கக்கூடிய பூனையும் உண்டு. நோவின்றி முடித்துவைப்பதே இரக்கமாகிய நிலையும் உண்டு. நடுவே தொடங்கி நடுவே விடுதலே மிகக் கொடியது.

ஊசி வேண்டாத நிலையை அடைந்த பூனைகளுள்ளும் நான்கிலொன்று அளவில் மீண்டும் நோய்க்குள்ளாகின்றன. அதனால் ஊசிக்குழலை ஒதுக்கிவைத்த பின்னரும் மாதமொருமுறை தராசில் நிறுத்தலும், நீர்ப்பாத்திரத்தை நோக்கலும், சோற்றுப்பானையருகே வந்து கத்தும்போது மனமிளகாது மீன்துண்டை மட்டும் இடுதலும் அப்பூனை வாழுங்காலமெல்லாம் தொடரவேண்டியனவே.